ஊரிகத்துக்கு வந்த ஒரு நார்மன் பெயர்

தங்கவயல் பக்கத்து ஊர்ப் பெயர்களில் இரண்டு வகை உண்டு. மாரிகுப்பம், ஊரிகம் என்பவை மண்ணோடு இருந்த பெயர்கள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் என்பவை வெள்ளைக்காரர் வந்தபின் ஏறியவை. வெள்ளைக்காரப் பெயர் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லவெல் துரை. பெங்களூரில் அவர் பெயரில் ஒரு ரோடே இருக்கிறது. ஆனால் லவெல் வருவதற்கு எழுபது வருஷம் முன்னால், 1802-ஆம் ஆண்டிலேயே, ஊரிகத்தில் வந்து நின்று "இங்கே பொன் கிடைக்குதாமே, காட்டுங்க" என்று கேட்டவர் ஒருவர் உண்டு. பெயர் லெப்டினன்ட் ஜான் வாரன். எந்தப் பேட்டையும் எந்தத் தெருவும் தங்கவயலில் அவர் பெயரைத் தாங்கவில்லை. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கதை தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போகிறது.

பிரான்ஸ் நாட்டின் வடகடற்கரையில் நார்மண்டி என்றொரு பகுதி. அங்கே தியெப் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வரென் என்று ஒரு சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையில் நிலம் வைத்திருந்த குடும்பத்தை "வரென்காரர்" என்ற பொருளில் "டி வாரென்" என்று அழைத்தார்கள். நம்மில் "மதுரை", "குன்றக்குடி" என்று ஊர் பெயருக்கு முன்னால் நிற்கிறதே, அதே கதைதான். 1066-இல் நார்மன் படை கடல் கடந்து இங்கிலாந்தைப் பிடித்தபோது, ஹேஸ்டிங்ஸ் போரில் நின்றவர் வில்லியம் டி வாரென். சண்டை செய்தவருக்கு நிலம் கிடைத்தது, லூயிஸ் என்ற ஊரில் கோட்டை எழுந்தது. 1088-இல் சர்ரே பிரபு என்ற பட்டம் வந்தது. அதே ஆண்டில் ஆள் இறந்தும் போனார். பிற்காலத்தில் இந்த வம்சத்தின் கேடயச் சின்னம் பொன்னும் நீலமும் மாறி மாறி வரும் கட்டங்கள். தங்கவயலுக்கு முன்பே பொன்னோடு தொடர்பு என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பெயரின் முதல் எழுத்தில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. நார்மண்டியில் பேசிய பிரெஞ்சில் "வ" என்று தொடங்கிய பல சொற்கள் பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் "க" என்று தொடங்கின. ஃபிரிட்ஜ் வாங்கும்போது கடைக்காரர் "வாரன்டி உண்டு, கேரன்டி இல்லே" என்கிறாரே, அந்த இரண்டும் ஒரே சொல்தான்; ஒன்று நார்மன் வழியாக வந்தது, மற்றது பாரிஸ் வழியாக வந்தது. வில்லியம் என்பதும் கியோம் என்பதும் அப்படியே. நார்மன் பேச்சில் வேட்டைக்கும் முயலுக்கும் காத்து வைத்த நிலத்துக்கு "வாரென்" என்று பெயர். பாரிஸில் அது "கரென்".

இதனால் ஒரு சிக்கல். ஆங்கிலேயர்களில் வாரன் என்ற குடும்பப் பெயர் ஏராளம். சிலருக்கு அது ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்தது. சிலருக்கோ பாட்டன் முயல் காட்டுப் பக்கம் குடியிருந்ததால் வந்தது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரத்தம் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. போதாக்குறைக்கு, பிரபு வம்சமே நேராக இறங்கவில்லை. மூன்றாவது பிரபு 1148-இல் சிலுவைப் போருக்குப் போன இடத்தில் இறந்தார். மகள் இசபெல் ஒருத்திதான் வாரிசு. அவளை இரண்டாவதாக மணந்த ஹேமலின், இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றிக்கு ஒரே தந்தைக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த சகோதரன்; அந்தப் பெரிய இடத்துப் பிள்ளை பெண்டாட்டி வீட்டுப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டான்! சொத்து எந்தப் பக்கமோ பெயரும் அந்தப் பக்கம். 1347-இல் கடைசிப் பிரபு முறையான பிள்ளை இல்லாமல் இறக்க, பட்டம் வேறு குடும்பத்துக்குப் போயிற்று.

பெயரின் தோற்றத்தை நம்பி ஏமாறுவதற்கு லவெலே நல்ல உதாரணம். கேட்டால் பிரெஞ்சுப் பெயர் மாதிரி ஒலிக்கிறது. உண்மையில் அது அயர்லாந்தின் மேயோ பகுதியில் வழங்கிய ஒரு பழைய கேலிக் குலப்பெயர் ஆங்கில வாயில் தேய்ந்து வந்த வடிவம். ஆனால் அவருடைய நடுப்பெயரான ஃபிட்ஸ்ஜெரால்டு அசல் நார்மன். 1877-இல் லவெலின் சுரங்க உரிமையை வாங்கிய மேஜர் ஜெனரல் பெரஸ்போர்டின் பெயரிலும் "டி லா போயர்" என்று ஒரு நார்மன் வால் உண்டு. அது பெரஸ்போர்டு வம்சத்துக்கு 1717-இல் ஒரு கல்யாணத்தின் மூலம், மறுபடியும் பெண் வழியாக, வந்து சேர்ந்தது.

சரி, வாரனுக்கு வருவோம். நார்மன் குடும்பங்கள் பல அயர்லாந்திலும் குடியேறின. டப்ளின் பக்கத்து வாரன்கள் கத்தோலிக்கர்கள்; தங்களைப் பழைய வாரென் பிரபுக்களின் கிளை என்றே சொல்லிக்கொண்டவர்கள். அரசன் இரண்டாம் ஜேம்ஸ் 1690-இல் அயர்லாந்துப் போரில் தோற்றபின், அவன் பக்கம் நின்றவர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. இந்தக் குடும்பம் லொரேன் பிரபுவிடம் அடைக்கலம் புகுந்தது. அந்த லொரேன் பிரபுவுக்கு 1737-இல் இத்தாலியின் டஸ்கனி கைக்கு வந்தது. குடும்பமும் கூடவே நகர்ந்தது. அதனால்தான் நம்முடைய வாரன் 1769-இல் இத்தாலித் துறைமுகமான லிவோர்னோவில் பிறந்தார். முழுப்பெயர் ழான் பாப்டிஸ்ட் பிரான்சுவா ழோசப் டி வாரென். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இந்தியா வந்து, ஆங்கிலேயரின் 33-ஆம் காலாட்படையில் சேர்ந்தபோது "டி"யும் போயிற்று, ழானும் ஜான் ஆயிற்று. நார்மண்டி, இங்கிலாந்து, அயர்லாந்து, லொரேன், இத்தாலி என்று சுற்றிய பெயர் தமிழ் மண்ணுக்கு வந்த வழி இது. நாமும் புலம்பெயர்ந்தவர்கள்தானே, இந்த அலைச்சல் நமக்குப் புரியும்.

திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் வேலை நடந்தது. கிழக்கு எல்லையை அளக்க வந்த வாரன், அந்தப் பக்கத்து மண்ணில் பொன் கிடைப்பதாக ஊரார் பேசுவதைக் கேட்டார். வெகுமதி தருவதாக அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் எதிரிலேயே கழுவிப் பொன் துகளை எடுத்துக் காட்டினார்கள். சுமார் 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின், அதாவது குண்டுமணியைவிடக் குறைந்த எடை. மாரிகுப்பத்தில் அவர் பார்த்தது மண் கழுவுதல் மட்டுமல்ல, சுரங்கமே. முப்பது அடி ஆழக் குழிக்குள் ஆண்கள் கல்லை உடைத்துக் கூடையில் போட்டுக் கைமாற்றி மேலே அனுப்ப, பெண்கள் பாறைமேல் வைத்து இடித்துப் பொடியாக்கினார்கள். பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கிய சுரங்கங்களுக்கு இவர்கள்தான் முன்னோடிகள். லவெலுக்கு ஆசை மூட்டியதும் வாரன் எழுதி வைத்த குறிப்புதான்.

அந்தக் குறிப்பில் குழிக்குள் இறங்கியவர்களுக்குப் பெயர் இல்லை. "பறையர்" என்று ஜாதியை மட்டும் எழுதினார் வாரன். தன் பெயருக்கு அத்தனை தலைமுறை சொல்லக்கூடிய ஒருவருக்கு, எதிரில் நின்ற மனிதனிடம் "உன் பேர் என்னப்பா?" என்று கேட்கத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் நம் பெயரிடும் முறை நார்மன்களுடையதற்கு அப்படியொன்றும் தூரமில்லை. "ஃபிட்ஸ்" என்றால் மகன். ஃபிட்ஸ்ஜெரால்டு என்றால் ஜெரால்டின் மகன். முதலில் அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது, நம் இனிஷியலைப் போலவே. பிறகு நிலமும் பட்டமும் வாரிசுக்குப் போக வேண்டியிருந்ததால் ஒரு கட்டத்தில் உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. நமக்கு உறையவில்லை. அதனால் என்ன ஆகிறது? அப்பா பெயர் தெரியும், அப்பாவின் இனிஷியலை வைத்துத் தாத்தா பெயரைப் பிடிக்கலாம், அதற்கு மேலே "வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவங்க" என்பதோடு நிற்கிறது. வெளி மாநிலங்களில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது 'சர்நேம்' கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழிப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம். குடும்பப் பெயர் வேண்டாம் என்பதே என் கட்சி. ஜாதி வால் முளைப்பதற்கு அது ஒரு வழி. ஆனால் தாத்தாவின் அப்பா பெயரை ஒரு நோட்டில் எழுதி வைக்க ஜாதி வால் தேவையில்லை.

மேலே இருந்து வைத்த பெயரைத் தங்கவயல் மக்கள் சும்மா ஏற்றுக்கொண்டவர்களும் அல்லர். வாரன் வந்து போய் நூறாண்டுகளுக்குப் பிறகு, அதே மாரிகுப்பத்தில், அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் தொடங்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. பூர்வ பௌத்தர் என்றும் ஆதித்தமிழர் என்றும் தங்களைச் சொல்லிக்கொள்ளும் துணிவை அவர் எழுத்து கொடுத்தது. காத்தவராயன் என்ற பெயரோடு பிறந்து, தன் ஆசிரியரின் பெயரையே தன் பெயராக ஏற்றவர் அவர். பெயர் விஷயம் அவருக்குத் தெரியாததா? 1930-இல் தொழிலாளர்களிடம் கைரேகை எடுத்துப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது சுரங்கமே வேலைநிறுத்தத்தில் நின்றது. கைரேகை குற்றவாளிக்கு எடுப்பது, உழைப்பவனுக்கு எதற்கு என்ற ரோஷம் அது.

வாரனின் பிற்கால வாழ்க்கை வானத்தைப் பார்ப்பதில் கழிந்தது. சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்தார். நெப்போலியன் வீழ்ந்தபின், 1815-இல், பிரான்ஸ் போய் மறுபடியும் "டி வாரென்" ஆனார். புதுச்சேரிக்குத் திரும்பி வந்தார். நம் பஞ்சாங்கக் கணக்குகளைக் கற்று "கால சங்கலிதம்" என்ற ஆங்கில நூலை எழுதினார். அது 1825-இல் சென்னையில் அச்சானது. அதில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் வருகிறார். தரையில் சோழிகளை அடுக்கி, வாய்பாட்டை மனப்பாடச் சொற்களாகச் சொல்லிச் சொல்லி, ஒரு சந்திர கிரகணத்தைப் புத்தகமே இல்லாமல் கணித்துக் காட்டியவர். 1825 மே 31 இரவு கிரகணம் வந்தது. தொடக்கத்தில் நான்கு நிமிஷம்தான் பிசகு, நடுவில் இருபத்துமூன்று, முடிவில் ஐம்பத்திரண்டு. 1952-இல் நியூகபவர் என்ற அறிஞர் இந்தக் கணக்கை எடுத்து ஆராய்ந்து, பழைய பாபிலோனியக் கணித முறையின் சாயலை இதில் கண்டு எழுதினார்.

இந்தமுறை வாரன் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறார். "சாமி நாடென் சாஷியா" என்று அச்சில் நிற்கிறது. சாமிநாதன் சேஷய்யா என்பதுதான் வெள்ளைக்காரக் காதில் அப்படி விழுந்திருக்கும் என்பது என் ஊகம். வாரன் 1830-இல் புதுச்சேரியில் காலமானார். சென்னையில் 1811-இல் பிறந்த அவர் மகன் எதுவார், ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். அட்டையில் "டி" போட்ட பழைய பெயர்தான் இருந்தது.