கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்: மாற்றுவதா, விட்டுவிடுவதா?

"பையன் புராஜெக்ட் செய்துகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. கடையில் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?"

பிள்ளைகளின் படிப்புக்காகக் குறைந்த விலையில் கம்ப்யூட்டர் வாங்கிய பெற்றோர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. தேவையில்லாமல் மாற்றினால் பணம் வீண்விரயம். மாற்ற வேண்டிய நேரத்தில் விட்டுவிட்டால் மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகலாம். ஆகவே முடிவெடுக்கும் வழியை இங்கே சொல்கிறோம்.

முதலில் ஒரு வேலை. பிள்ளைகளின் பாடங்கள், குடும்பப் படங்கள், வீட்டுப் பத்திரங்களின் நகல்கள் எல்லாவற்றையும் இன்றே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். கெட்டுப்போன பாகத்தை மீண்டும் வாங்கலாம். அழிந்த கோப்புகளை வாங்க முடியாது.

அது செய்யும் வேலை

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவதே எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் என்றால் அது 11.4க்குக் கீழே இறங்கவோ 12.6க்கு மேலே ஏறவோ கூடாது. ஏதாவது கோளாறு என்றால் நல்ல எஸ்.எம்.பி.எஸ். தானாகவே நின்றுவிடும். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மலிவான ரகங்கள் பலவற்றில், விலையைக் குறைப்பதற்காக இந்தப் பாதுகாப்பைத்தான் குறைத்துவிடுகிறார்கள்.

மேலே பெரிதாக '450 வாட்ஸ்' என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 14ஆல் பெருக்க வருவது 168 வாட்ஸ் மட்டுமே. இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டை நம்பித்தான் ஓடுகின்றன.

எப்போது மாற்ற வேண்டும்?

கருகிய வாடை வந்தாலோ, உள்ளே 'பட்' என்று வெடித்தாலோ, அதன் ஃபேன் நின்றுபோனாலோ யோசிக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றிவிடுங்கள்.

பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். இருக்கும் கம்ப்யூட்டரில் புதிதாகக் கிராஃபிக்ஸ் கார்டு போடப் போகிறீர்களா? கார்டு வாங்கும் முன்பே நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள்.

அடிக்கடி அணைகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அவசரப்பட வேண்டாம். பிராசஸர் ஃபேனில் தூசி அடைத்திருந்தாலும், ரேம் சரியாக உட்காராவிட்டாலும் இதே தொல்லை வரும். முதலில் சுத்தம் செய்து பாருங்கள். பிறகு தெரிந்தவரிடமோ கடையிலோ நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கிப் போட்டு ஓட்டுங்கள். தொல்லை நின்றுவிட்டால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். நிற்காவிட்டால் உங்கள் பணம் மிச்சம்.

எப்போது விட்டுவிடலாம்?

கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல், படிப்புக்கும் டைப்பிங்குக்கும் பயன்படும் கம்ப்யூட்டர் பொதுவாக 100 வாட்ஸுக்கும் குறைவாகவே இழுக்கும். எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடுகிறது, கம்ப்யூட்டரும் மிகப் பழையது என்றால் அப்படியே ஓடட்டும். கோப்புகளின் நகல் மட்டும் தவறாமல் இருக்க வேண்டும். ஆனால் வீட்டின் வருமானமே அந்தக் கம்ப்யூட்டரில்தான் என்றால், கெடும்வரை காத்திருக்காமல் மாற்றுவதே நல்லது.

கரண்ட் பில் குறையும் என்பதற்காக மாற்ற வேண்டாம். தினமும் நான்கு மணி நேரம் ஓடும் சாதாரண கம்ப்யூட்டரில் மாதத்துக்கு மூன்று யூனிட் மிச்சமானாலே பெரிது.

ஷாக் அடிக்கிறதா?

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பதற்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் இல்லாததே காரணம். எர்த் இல்லாவிட்டால் நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டாலும் லேசாக அடிக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபாருங்கள். எர்த் சரியாக இருந்தும் அடித்தால், உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

பிள்ளைகள் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்க அனுமதிக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அப்படியே இருக்கும்.

வாங்கும்போது

பெயர் தெரிந்த நிறுவனம், '80 பிளஸ்' முத்திரை, எழுத்தில் வாரண்டி, பில் ஆகிய நான்கையும் கேளுங்கள். படிப்புக் கம்ப்யூட்டருக்கு நல்ல தரத்தில் 400 அல்லது 450 வாட்ஸ் தாராளம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல், ஹெச்.பி., லெனோவோ ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் அளவும் பின்னும் வேறாக இருக்கும். பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துச் சென்று, அதே போன்றதை வாங்குங்கள்.

சகோதர சகோதரிகளே, கடைக்காரர் "மதர்போர்டும் போய்விட்டது, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். வேறு எஸ்.எம்.பி.எஸ். போட்டு உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பொருள் அது. கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.