கூவும் பூட்டும் கேட்கும் காதும்

"எந்தப் பூட்டை எவராலும் உடைக்க முடியாது?" என்று மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. இயந்திரவியல் பயில்கிறவன் என்பதால் இத்தகைய கேள்விகள் என் அறைக்கு வந்து சேர்கின்றன. அப்படிப்பட்ட பூட்டு உலகில் இல்லை என்பதே என் விடை. போதிய நேரமும் தக்க கருவியும் கிடைத்தால் உடையாத பூட்டு எதுவும் இல்லை. பூட்டு செய்யும் வேலை ஒன்றுதான்: திருடனுடைய நேரத்தை விழுங்குகிறது. அலாரம் வைத்த பூட்டு இன்னொரு வேலையும் செய்கிறது. அந்த நேரத்தில் நம்மைக் கூப்பிடுகிறது. இவ்விரண்டையும் மனத்தில் கொண்டால் எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்பவை எளிதில் விளங்கும்.

நம்முடைய வண்டிகள் பெரும்பாலும் வீட்டார் சீட்டுப் பிடித்தும் கடன் வாங்கியும் தந்தவை. சென்னையில் பெட்ரோலை வடித்துவிட்டு, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் ஏற்றித் தில்லிக்குக் கொண்டு வந்தவை சில. சென்ற குளிர்காலத்தில் எங்கள் விடுதியில் ஒரு நண்பரின் வண்டி போயிற்று. கைப்பிடிப் பூட்டு மட்டுமே போட்டு, விடுதியின் பின்புறம் இருட்டில் நிறுத்தியிருந்தார். மாலை நேரத்தில் தொலைவிலுள்ள இரண்டு வீடுகளுக்குச் சென்று பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வருவாயில் உணவுக் கட்டணம் செலுத்தி வந்தவர் அவர். வண்டியோடு அந்த வேலையும் போயிற்று. ஆகவே இது சின்னஞ்சிறு பொருளைப் பற்றிய பேச்சாயினும் சிறிய பேச்சு அன்று.

முதலில், கைப்பிடிப் பூட்டு ஏன் போதாது? அதற்குள் இருப்பது விரல் கனம் கூட இல்லாத ஓர் இரும்பு முளை. வலுவாக முறுக்கினால் அது முறிந்துவிடும். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக ஓசையும் இல்லை, தடையும் இல்லை. எனவே சக்கரமே உருளாதபடி செய்ய வேண்டும். அதற்குத்தான் டிஸ்க் பூட்டு.

டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தில் துளைகள் நிறைந்த ஒரு வட்டத் தகடு சக்கரத்தோடு சுழலும். டிஸ்க் பூட்டு அத்தகட்டைக் கவ்வி, ஒரு துளையின் வழியே முளையைச் செலுத்தி நிற்கும். சக்கரம் உருண்டால் பூட்டும் சுற்றி வந்து, பிரேக்கைப் பிடிக்கும் காலிப்பரிலோ ஃபோர்க்கிலோ இடித்து நிற்கும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாகியது. அதனால் பிற்காலத்து வண்டிகளில் டிஸ்க் பிரேக் பெருகிவிட்டது. ஆயினும் பழைய வண்டிகள் பலவற்றிலும் ஸ்கூட்டர்கள் பலவற்றிலும் டிரம் பிரேக்கே உண்டு. அவற்றில் தகடும் இல்லை, துளையும் இல்லை. டிரம் பிரேக் வண்டிக்காரர்கள் டிஸ்க் பூட்டுக்குச் செலவிட வேண்டா. கனத்த சங்கிலிப் பூட்டே அவர்களுக்கு உதவும்.

இனி அலாரத்தைப் பார்ப்போம். பூட்டின் உடலுக்குள் சிறு பாட்டரிகளும், அசைவை உணரும் கருவி ஒன்றும், ஊதலும் இருக்கின்றன. முளையை அழுத்திப் பூட்டியதும் சிறு ஒலி எழும். சில விநாடிகளில் காவல் தொடங்கும். வண்டியை இலேசாக அசைத்தால் பெரும்பாலானவை முதலில் 'கீச், கீச்' என எச்சரிக்கும். அசைவு நீடித்தால் பேரொலி எழுப்பும்.

பெட்டியின் மேல் '110 டெசிபல்' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் ஒரு மீட்டர் தொலைவில் அளந்தது என்றே கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 90. 40 மீட்டரில் சுமார் 78. சன்னலைச் சாத்தியிருந்தால் மேலும் 20 டெசிபல் போகும். எஞ்சுவது 58. அருகில் இருவர் அமர்ந்து பேசும் ஓசை அவ்வளவுதான். தில்லிக் குளிரில் ரஜாயைத் தலைவரை இழுத்துப் போர்த்தி உறங்குகிறவரை அந்த ஒலி எழுப்புமா? ஆகவே வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பது பூட்டின் விலையைவிட முக்கியமானது. காவலாளியின் நாற்காலிக்கு அருகே, விளக்கொளியில், நம் சன்னலுக்குக் கீழே என்று இடம் தேடுக.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, முளையின் பருமன். 5.5 மி.மீ. முதல் 14 மி.மீ. வரையிலும் முளைகள் உண்டு. பருத்த முளை வலியது. ஆனால் நம் தகட்டின் துளையில் அது நுழைய வேண்டுமே! எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். சாதாரணப் பென்சில் ஏறக்குறைய 7 மி.மீ. பருமன் உள்ளது. அது துளையில் தாராளமாக நுழைந்தால் 7 மி.மீ. முளையும் நுழையும். கூடுமானால் வண்டியோடு கடைக்குச் சென்று, மாட்டிப் பார்த்தே வாங்குக.

இரண்டாவது, உலோகம். முளை கடினப்படுத்திய எஃகாக இருத்தல் வேண்டும். உடல் பளபளப்பாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவை வார்ப்பு. சம்மட்டிக்கு எளிதில் இடங்கொடுக்கும்.

மூன்றாவது, சாவி. எளிய பல்வெட்டுச் சாவியைவிடப் பள்ளங்கள் குடைந்த சாவி மேல். சாவி எண் பொறித்த சிறு தகடு தந்தால் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். மாற்றுச் சாவியைச் சாவிக்கொத்தில் சேர்க்காமல் பெட்டியில் வையுங்கள்.

நான்காவது, பாட்டரி. பலவற்றில் எல்.ஆர்.44 என்னும் பொத்தான் பாட்டரிகள் ஆறு இருக்கும். இவை எங்கும் கிடைப்பவை. கடுங்குளிரில் இவற்றின் வலிமை குறையும். குளிர்காலம் தொடங்குமுன் புதியன மாற்றிவிடுவது நன்று. மழை புகாதபடி ரப்பர் மூடி உண்டா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது, நினைவுக் கயிறு. பூட்டிலிருந்து கைப்பிடிவரை செல்லும், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறச் சுருள் கயிறு இது. இல்லாவிடில் தனியே வாங்குக. பூட்டு இருப்பதை மறந்து வண்டியைக் கிளப்பினால் சக்கரம் சட்டென நின்று வண்டி சாயும், தகடு வளையும், காலிப்பரும் கெடலாம். அச்செலவு பூட்டின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும்.

மாட்டும் முறையும் உண்டு. பூட்டைத் தகட்டின் கீழ்ப்பகுதியில் தரையருகே தொங்கவிடாதீர்கள். தரையை அடியாகக் கொண்டு அதைச் சம்மட்டியால் அடித்துவிடலாம். காலிப்பரை ஒட்டி, உயரமான இடத்தில் மாட்டினால் கருவி வைத்து அடிக்க இடம் குறையும். மறந்து கிளப்பினாலும் வேகம் எடுக்குமுன்பே தடுக்கும். ஏ.பி.எஸ். வண்டியானால், தகட்டின் உட்புறம் பல்வரிசை போன்ற ஒரு வளையம் இருக்கும். சக்கரத்தின் வேகத்தை உணர்த்துவது அதுவே. பூட்டு அதில் படாமல் பார்த்துக்கொள்க.

பூட்டால் இயலாதது ஒன்றும் உண்டு. நம் வண்டிகள் பல 110 முதல் 150 கிலோ எடையுள்ளவை. மூவர் சேர்ந்தால் தூக்கி டெம்போவில் ஏற்றிவிடலாம். அப்போது சக்கரம் உருள வேண்டிய தேவையே இல்லை. அலாரம் கூவும், அவ்வளவே. ஆகவே இரவில் சங்கிலி ஒன்றால் வண்டியைத் தூணோடோ, மற்றொரு நண்பரின் வண்டியோடோ பிணைப்பது நல்லது. இரண்டு வண்டிகளைச் சேர்த்துத் தூக்குவது எளிதன்று.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு திருட்டுக்கு ஈடு தராது. முழுக் காப்பீடு இருந்தால்தான் தொகை கிடைக்கும். அப்போதும் போலீசில் முதல் தகவல் அறிக்கையும், வண்டியின் மூலச் சாவிகள் இரண்டும் வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு சாவியை ஊரில் எங்கோ வைத்துவிட்டு இங்கே தவிக்காதீர்கள்.

கடைசியாக, நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. அலாரம் காரணமின்றிக் கூவினால் அதன் மதிப்பு அழிந்துவிடும். நாய் உரசினாலும், பக்கத்து வண்டியை எடுப்பவர் இடித்தாலும், கனத்த லாரி சென்றாலும் அது கூவக்கூடும். நான்கு இரவு இப்படி நடந்தால் ஐந்தாம் இரவு எவரும் எழுந்திரார். 'புலி வருது' கதையை நாம் அறியாதவர்களா? உணர்வின் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள். வண்டியை உறுதியான தரையில், மற்றவை இடிக்காத தொலைவில் நிறுத்துங்கள். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், அலாரமின்றிப் பூட்டும் வழி உங்கள் பூட்டில் இருந்தால் அதையே கையாளுங்கள். தவறாகக் கூவினால் உடனே சென்று நிறுத்தி, அயலாரிடம் இரண்டு வார்த்தை இந்தியில் மன்னிப்புக் கேளுங்கள்.

ஒலி எழுப்புவது பூட்டின் கடமை. எழுந்திருப்பது மனிதரின் கடமை. ஒவ்வொரு விடுதியிலும் வண்டி வைத்திருக்கும் நம் மாணவர்கள், தமிழர் தமிழரல்லாதார் என்று பாராமல், ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். யாருடைய பூட்டு கூவினாலும் கேட்டவர் விளக்கைப் போட்டுச் சன்னலைத் திறந்து குரல் கொடுக்க வேண்டும். தனியே இறங்கி ஓடிச் சண்டையிட வேண்டா. வண்டியைவிட உயிர் பெரிது. காவலாளியை அழைத்து, தேவையானால் 112 எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் போதும். விடுதிவாரியாக வண்டி எண்களையும் அறை எண்களையும் எழுதி வாயிற் காவலரிடம் கொடுத்துவிட்டால், எந்த வண்டி கூவினாலும் யாரை எழுப்புவது என்பது அவருக்குத் தெரியும். ஒரு தாளும் பத்து நிமிடமும் போதுமான வேலை இது. குளிர் தொடங்குமுன் முடித்துவிடுவோம்.