கணையத்தில் முளைத்த கல்லீரல்

தாமிரச் சத்து இல்லாத தீனியைத் தொடர்ந்து கொடுத்து, உடலில் மிஞ்சியிருக்கும் தாமிரத்தையும் மருந்தால் வெளியேற்றினால், எலியின் கணையத்தில் செரிமானச் சாறு சுரக்கும் செல்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். பிறகு தாமிரத்தைத் திரும்பக் கொடுக்கும்போது அந்த இடத்தில் கல்லீரல் செல்கள் முளைக்கின்றன. கல்லீரலுக்கே உரிய அல்புமின் புரதத்தையும் அவை உண்டாக்குகின்றன. 1980களில் சிகாகோவில் சாம்பசிவ ராவும் ஜனார்தன ரெட்டியும் கண்டது இது. இதற்கு முன்பே, 1981இல், ஸ்கார்பெல்லியும் ராவும் வெள்ளெலியின் கணையத்தில் இதே மாற்றத்தைப் பதிவு செய்திருந்தார்கள். இப்படி எல்லா உறுப்பும் எல்லா உறுப்பாகவும் மாறிவிடுவதில்லை. கருவில் முன்குடலின் அடிப்பக்கச் சுவரில் இருக்கும் ஒரே செல்கூட்டத்திலிருந்துதான் கல்லீரலும் கணையத்தின் ஒரு பகுதியும் பிறக்கின்றன. வளரும் இதயத்தை ஒட்டியிருக்கும் செல்கள் அங்கிருந்து வரும் சமிக்ஞையை ஏற்றுக் கல்லீரலாகின்றன; அது எட்டாதவை கணையமாகின்றன. ஆகவே இவை இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

வளர்ந்த கணையத்தில் ஒளிந்திருக்கும் ஸ்டெம் செல்தான் இதற்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல் நம்மைத் திசைதிருப்புகிறது என்பது என் கருத்து. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ஸ்லாக், டாஷ் குழுவினர் எலிக் கணையக் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தார்கள். அவை கல்லீரல் செல்களைப் போல மாறின. சாறு சுரக்கும் செல்லாக இருந்ததற்கான ஒளிரும் அடையாளம், மாறிய பிறகும் அவற்றில் மிஞ்சியிருந்தது. ஒரே ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்துக்கான மரபணுவைச் செலுத்தியபோதும் இந்த மாற்றம் நிகழ்ந்தது. அப்படியானால், எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்டெம் செல்லைத் தேட வேண்டியதில்லை; தொழில் பழகிய செல்லே தொழிலை மாற்றிக்கொள்ள முடியும். இரண்டு உறுப்புகளுக்கும் நடுவே உள்ள சுவர் அவ்வளவு மெல்லியது.

2001இல் அமெரிக்காவில் குரோம்ப்பே குழுவினர், பிறவிக் கல்லீரல் நோயுள்ள சுண்டெலிகளுக்கு வளர்ந்த சுண்டெலியின் கணையச் செல்களைச் செலுத்தி, சிலவற்றில் நோயைச் சரிசெய்தார்கள். செலுத்திய செல்கள் நோயுற்ற சுண்டெலியின் கல்லீரல் செல்லோடு ஒட்டிக் கலந்து, மாறியதுபோல் தோன்றியிருக்கலாம் என்று ஐயப்படுவது நியாயமே. எலும்பு மஜ்ஜைச் செல்கள் விஷயத்தில் நடந்தது இத்தகைய கலப்புதான் என்று 2003இல் தெரியவந்தது. ஆனால் தாமிரம் இழந்த எலியின் கணையத்திலும், பாத் நகரின் வளர்ப்புத் தட்டிலும் ஒட்டிக்கொள்ளக் கல்லீரல் செல் எங்கே இருந்தது? கலப்பு என்ற விளக்கம் அங்கே செல்லாது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: எலியில் நடப்பது மனிதனில் அப்படியே நடக்காது, கல்லீரலைப் போலத் தெரியும் செல் கல்லீரலின் எல்லா வேலையையும் செய்துவிடாது. இதை மறுக்க என்னிடம் சான்று இல்லை. கல்லீரல் செயலிழந்தவருக்கு இதை இன்றே சிகிச்சையாகக் காட்டி ஆசையூட்டுவது கொடுமை. இதற்கான செல்களுக்காக உயிரோடு இருப்பவரின் கணையத்தை வெட்டி எடுப்பதும் ஆபத்து. கசியும் சாறு சுற்றியுள்ள திசுவையே அரித்துவிடும்.

என் நம்பிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்காக, இறந்தவர் தானமளித்த கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் திட்டுகளை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். சாறு சுரக்கும் பகுதி, அதாவது கணையத்தின் பெரும்பகுதி, வீணாகிறது. அதைக் கல்லீரல் செல்லாக மாற்றும் முயற்சி பிரிட்டனில் மனிதத் திசுவிலேயே நடந்திருக்கிறது. இப்படி மாறிய செல்கள் மருந்துச் சோதனைக்கு உதவலாம்: புது மருந்து கல்லீரலைக் கெடுக்குமா என்று சோதிக்க மனிதக் கல்லீரல் செல்கள் வேண்டும். அவை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் தட்டில் சில நாட்களிலேயே திறனை இழக்கின்றன. அந்தச் சோதனை மேசைக்கு முழுக் கல்லீரல் தேவையில்லை. மருந்தை உடைக்கும் நொதிகளைச் சரியாக உண்டாக்கும் செல்கள் கிடைத்தால் போதும்.