தலைவலி இல்லாதவருக்குத் தலைவலி மருந்து

ஒற்றைத் தலைவலிக்கான மருந்து ரத்தக் குழாய்களை என்ன செய்கிறது என்பதை அறிய, அந்நோய் இல்லாதவர்களையே ஆய்வாளர்கள் நாட வேண்டியிருந்தது. வலியும் குமட்டலும் தாமாகவே ரத்த ஓட்டத்தை மாற்றக்கூடியவை என்பதால், நோயாளியின் உடலில் எது மருந்தின் வேலை, எது நோயின் வேலை எனப் பிரித்தறிவது எளிதன்று.

ரத்தக் குழாய்கள் மீதான இந்த ஆர்வத்துக்கு ஒரு பழைய கருத்தே காரணம். ரை தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்ட எர்காட்டமின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பு தணிந்து வலியும் குறைந்ததை 1938இல் அமெரிக்க மருத்துவர்கள் கிரஹாமும் உல்ஃபும் பதிவுசெய்தனர். குழாய் விரிவதால் வலி வருகிறது, சுருக்கினால் போகிறது என்ற நம்பிக்கை அதனால் வேரூன்றியது. 1991இல் விற்பனைக்கு வந்த சுமட்ரிப்டான் என்ற மருந்தும் இந்த நம்பிக்கையின் பிள்ளைதான். செரடோனின் என்ற வேதிப்பொருளுக்காகக் குழாய்ச் சுவரின் தசையில் அமைந்துள்ள ஏற்பிகளில் அது சென்று பொருந்தி, அத்தசையைச் சுருங்கச் செய்கிறது.

ஆரோக்கியமானவர்களிடம் இச்சுருக்கத்தை அளக்க டாப்ளர் கருவி உதவுகிறது. அது காட்டுவது ரத்தத்தின் வேகத்தையே, குழாயின் அகலத்தை அன்று. தோட்டக் குழாயின் முனையை விரலால் நெருக்கினால் நீர் சீறிப் பாய்வதைப் போல, மொத்த ஓட்டம் மாறாதிருக்க வேகம் மட்டும் கூடினால், குழாய் குறுகியது என்று கொள்ளலாம். இத்தகைய அளவீடுகளில், மண்டையோட்டுக்கு வெளியே ஓடும் தமனிகள் தெளிவாகச் சுருங்கின. மூளைக்குள் ரத்த ஓட்டமோ பெரிதாக மாறவில்லை. இதயத் தமனிகளும் சிறிதளவு சுருங்குவதால்தான், மாரடைப்பு வந்தவர்களுக்கு இம்மருந்து தரப்படுவதில்லை.

ஆனால் 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வலி எழுந்த வேளையிலேயே நோயாளிகளைக் காந்த அதிர்வுப் படமெடுத்தபோது, வெளித் தமனிகள் விரிந்திருக்கவே இல்லை. உள்ளே கண்ட விரிவும் மிகச் சிறிது. பழைய நம்பிக்கைக்கு இதைவிடச் சங்கடமான படம் வேறில்லை. குழாயைச் சுருக்குவதோடு, சுமட்ரிப்டான் முகத்துக்குரிய முக்கிளை நரம்பின் முனைகளிலிருந்து சிஜிஆர்பி என்ற புரதத்துணுக்கு வெளிப்படுவதையும் தடுக்கிறது. வலி தணிவதற்கு அதுவே முதன்மைக் காரணமாக இருக்கலாம். 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லாஸ்மிடிட்டான் என்ற மருந்தோ குழாய்களைச் சுருக்காமலேயே வலியைத் தணிக்கிறது.