வெளுக்கத் தயங்கும் வைக்கோல்

சிப்பிக் காளானை வீட்டில் வளர்க்க முற்படுவோரை மிகுதியும் சோர்வடையச் செய்வது காளான் முளைக்காமல் போவதன்று. அதற்கு முந்தைய கட்டத்தில், வித்திலிருந்து கிளம்பி வைக்கோல் முழுவதும் பரவ வேண்டிய வெள்ளை இழை பாதி வழியிலேயே நின்றுவிடுவதுதான். குடை விரித்தாற்போல் வெளியே தோன்றுவது பூசண உயிரியின் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. அதன் உண்மையான உடல், உணவுப் பொருளுக்குள் மெல்லிய நூல்களாகக் கிளைத்துச் செல்லும் பூசண இழையாகும். அரைவேக்காடாக வெந்த சோளத்தில் அந்த இழையைத் தூய்மையாக வளர்த்தெடுத்ததே காளான் வித்து என்றும், வேகவைத்து நீர் வடித்த வைக்கோலையும் வித்தையும் பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக நிரப்பிக் கட்டியது உருளைப் படுக்கை என்றும் வழங்கப்படுகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பையில் அமைத்த படுக்கை 15 முதல் 20 நாட்களுக்குள் முழுவதும் வெளுத்துவிட வேண்டும். 25 நாட்களாகியும் பாதி மஞ்சளாகவே நிற்குமானால், பிழை எங்கோ நேர்ந்துவிட்டது என்று பொருள்.

இத்தாமதத்தைப் பொறுமையின்மையால் எழும் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. வைக்கோலை வேகவைப்பதால் அதிலுள்ள நுண்ணுயிர்களில் பெரும்பகுதி அழிகிறதே தவிர முழுவதும் அழிவதில்லை. எஞ்சியவையும், நிரப்பும்போது கையிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்து சேர்ந்தவையும் படுக்கைக்குள் காத்திருக்கின்றன. காளான் இழை விரைந்து கைப்பற்றாத இடத்தை டிரைக்கோடெர்மா எனப்படும் பச்சைப் பூசணமோ, பாக்டீரியாவோ கைப்பற்றிக்கொள்ளும். எனவே ஒரு படுக்கையின் விளைச்சல், முதல் பத்து நாட்களில் இழை எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதிலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது.

காஞ்சிபுரம் இத்தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருளில் குறைவில்லாத ஊர். ஏரிப் பாசனத்தால் வாழும் சுற்றுவட்டக் கிராமங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களில் நெல் விளைவதால் ஆண்டின் பெரும்பகுதியும் வைக்கோல் கிடைக்கிறது. எனினும் மூன்று பட்டத்து வைக்கோலும் ஒரே தரமுடையது அன்று. நவரை வைக்கோல் கோடை வெயிலில் நன்கு காய்ந்து பொன்னிறமாக வருகிறது. சொர்ணவாரி அறுவடையோ மழை தொடங்கும் காலத்தை ஒட்டி வருவதால், அறுவடை இயந்திரம் தள்ளிவிட்டுச் சென்ற வைக்கோல் வயலிலேயே நனைந்து, உள்ளுக்குள் புழுங்கிக் கறுக்க வாய்ப்புண்டு. அவ்வாறு நனைந்து காய்ந்த வைக்கோலில் வேற்றுப் பூசணங்கள் முன்பே குடியேறிவிடுகின்றன. ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அதில் இழை மந்தமாகவே ஓடும். ஆகவே நவரை வைக்கோலை வாங்கி, மழை படாத பரணில் சேமித்து வைப்பதே நன்று.

உண்மையில் இவ்வூரின் பெரும் இடர் வெப்பமே. சிப்பிக் காளான் இழை 25 முதல் 30 பாகை செல்சியஸில் நன்றாக ஓடும். 35 பாகையை நெருங்கும்போது தளர்ந்து நின்றுவிடும். அதற்கு மேலும் வெப்பம் நீடித்தால் மடியும். காஞ்சிபுரத்தில் மே மாதப் பகல் வெப்பம் 40 பாகையைக் கடப்பது வழக்கம். இதனுடன் பலரும் கவனிக்கத் தவறும் மற்றொரு காரணமும் சேர்கிறது: வளரும் இழை தானும் மூச்சுவிட்டு வெப்பத்தை வெளியிடுவதால் படுக்கையின் நடுப்பகுதி அறையைவிடச் சில பாகை சூடாகவே இருக்கும். அறையில் 31 பாகை காட்டும் வெப்பமானியை நம்பி, படுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தவரின் பையில், வெளிப்புறம் வெண்மையாகவும் நடுவில் வெறும் வைக்கோலாகவும் இருப்பது இதனால்தான். படுக்கைகளைக் கயிற்றில் கட்டி ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் தொங்கவிட்டால் நடுச்சூடு தணியும். ஓட்டுக் கூரையின் உச்சியை ஒட்டிய இடம், மதிய வெயில் விழும் மேற்குச் சுவர், காற்றோட்டமற்ற மாடி அறை ஆகியவை கோடையில் இழைக்கு ஆகா.

தறி ஓடும் வீடுகளுக்கு இங்கே ஒரு சொல் தேவைப்படுகிறது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில், குழித்தறி அமைந்த கூடம் நேர்வெயில் படாமல் குளிர்ந்திருக்குமானால், இழை பரவும் காலத்துக்கு அதுவே ஏற்ற இடம் என்று தோன்றலாம். இழை பரவ வெளிச்சமோ நீர்த் தெளிப்போ வேண்டியதில்லை என்பதால் அந்த எண்ணத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் படுக்கை வெளுத்து மொட்டு விடும் கட்டத்தில் அறையின் ஈரப்பதம் 75 முதல் 80 விழுக்காடு வரை உயர்த்தப்பட வேண்டும். முதிர்ந்த சிப்பிக் காளான் வெளியிடும் ஸ்போர் எனப்படும் நுண்தூள் காற்றில் மிதந்து சிலருக்கு மூச்சுத் திணறலையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். அந்த ஈரமும் தூளும் பட்டுப் பாவுக்கும் நெய்பவரின் நுரையீரலுக்கும் கேடு. எனவே அறுவடை அறை தறிக்கூடத்திலிருந்து தனியே, கொல்லைப்புறத்திலோ கீற்றுக் கொட்டகையிலோ அமைவது கட்டாயமாகும்.

தாமதத்தின் காரணத்தை அறியப் பையைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. இழை எந்த இடத்தில் நிற்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். விதைத்த இரண்டு மூன்று நாட்களில் ஒவ்வொரு சோள மணியைச் சுற்றியும் வெள்ளைப் பஞ்சு போன்ற வளர்ச்சி தோன்ற வேண்டும். அதுவே தோன்றாவிட்டால் வித்து செத்தது அல்லது மிகவும் தளர்ந்தது என்று கொள்ளலாம். ஆறாத வைக்கோலில் வித்தை இட்டு அவித்துவிட்டதும் அதே விளைவைத் தரும். மணியைச் சுற்றி வெளுத்த பின் வைக்கோலுக்குத் தாவாமல் நின்றால், வைக்கோல் காய்ந்துவிட்டது அல்லது அதில் பூசணக்கொல்லி மருந்தின் எச்சம் மிகுந்துள்ளது. மேல் அடுக்குகள் வெளுத்து அடிப்பகுதி மட்டும் பழுப்பாக, புளித்த வாடையுடன் இருந்தால் அங்கே நீர் தேங்கியிருக்கிறது. மெல்லிய இழைகள் பரவலாக ஓடியும் அடர்த்தி பெறாதிருந்தால், வைக்கோலைத் தளர்வாக அடைத்ததால் இழை கடக்க வேண்டிய வெற்றிடம் அதிகமாகிவிட்டது எனலாம். எல்லாப் படுக்கைகளும் ஒரே நாளில் ஒருசேர நின்றுவிட்டால் வெப்பத்தையும், ஒன்றிரண்டு மட்டும் நின்றால் நிரப்பிய கையின் தூய்மையையும் ஐயுற வேண்டும்.

நீரளவில் நேரும் பிழை, வெப்பத்துக்கு அடுத்தபடி அதிகமான படுக்கைகளைக் கெடுக்கிறது. ஐந்து செ.மீ. துண்டுகளாக நறுக்கிய வைக்கோலை ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி 65 விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பிடி வைக்கோலை இறுகப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் துளி சொட்டக் கூடாது என்பதே அதற்குரிய கைக்கணக்கு. காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை நாட்களில் வைக்கோல் எளிதில் உலராது. அவசரப்பட்டு நிரப்பினால் நீர் அடியில் இறங்கி, காற்றுப் புகாத சேறாகிவிடும். இழைக்கும் மனிதரைப் போலவே உயிர்வளி வேண்டும் என்பதால்தான் பையின் நடுவில் துளைகள் இடப்படுகின்றன. ஊறவைக்கும் நீரும் குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். சாயப் பட்டறைக் கழிவுநீர் கலந்த கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

கார்பெண்டசிம் என்னும் பூசணக்கொல்லியும் பார்மலினும் கலந்த நீரில் வைக்கோலை ஊறவைக்கும் முறை, அடுப்பும் விறகும் மிச்சமாவதால் பண்ணைகளில் பரவலாக உள்ளது. அளவு கூடினால் கார்பெண்டசிம் காளான் இழையையும் தடுக்கும். பார்மலின் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். வீட்டில் உண்பதற்காகச் சில படுக்கைகள் மட்டும் போடுபவருக்கு வெந்நீரே போதும், வெந்நீரே தகும்.

வித்தைப் பொறுத்தவரை 15 முதல் 18 நாட்கள் வளர்ந்ததே வீரியமிக்கது. மஞ்சள் நீர் கசிந்த, கட்டியாக இறுகிய, பச்சைப் புள்ளி தோன்றிய வித்தை எந்த விலைக்கும் வாங்கலாகாது. வெளியூரிலிருந்து உச்சி வெயிலில் பேருந்தில் வரும் வித்து வழியிலேயே வெந்துவிடக்கூடும் என்பதால் அதிகாலைப் பயணமே ஏற்றது. சிக்கனம் கருதி வித்தின் அளவைக் குறைப்பதும் பயனற்றது. ஒவ்வோர் அடுக்குக்கும் ஏறத்தாழ 25 கிராம் இட்டால்தான் இழைகள் விரைவில் ஒன்றையொன்று தொடும்.

தமிழகத்தின் வெப்பத்தை எதிர்த்துப் போராடுவதைவிட அதற்கு ஏற்ற காளானைத் தேர்வது அறிவுடைமை என்பதை இந்நாட்டு ஆய்வாளர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். கே. எம். தாமஸும் உடன் பணியாற்றியோரும் 1943இல் கோயம்புத்தூரில் வளர்ப்பு முறையை விவரித்த வைக்கோல் காளான் சூட்டை விரும்பும் இனமாகும். 1974இல் மேற்கு வங்கத்திலிருந்து அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட பால் காளானும் அத்தகையதே. 30 பாகைக்கு மேலும் அது தளராது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதிலிருந்து ஏ.பி.கே. 2 என்ற இரகத்தை வெளியிட்டது. பாதி நிலத்துக்குள் இறங்கிய, நீலநிறப் பாலித்தீன் வேய்ந்த குடிலில், வெளுத்த படுக்கையை இரண்டாக வெட்டி மேல்மண் இட்டு அது வளர்க்கப்படுகிறது. வேலை சற்றுக் கூடுதலே. ஆனால் பங்குனி முதல் ஆவணி வரை காஞ்சிபுரத்தில் சிப்பிக் காளான் படுக்கைகளைப் போட்டுவிட்டு, குளிர்ச்சிக்காக ஈரச் சாக்குகளை மாற்றிக்கொண்டிருப்பதைவிட அது பயனுடையது.

தாமதித்த படுக்கையைப் பிரித்து வித்தை மீண்டும் தூவுவதோ, துளைகளில் நீர் ஊற்றுவதோ நிலைமையை மோசமாக்கவே செய்யும். குளிர்ந்த இடத்துக்கு மாற்றி ஒரு வாரம் பார்க்கலாம். அடியில் நீர் தேங்கியிருந்தால் சுத்தமான ஊசியால் குத்தி வடிக்கலாம். பச்சை பரவத் தொடங்கினால் பையைத் திறக்காமலே அப்புறப்படுத்தி மண்ணில் புதைத்துவிட வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் ஒவ்வொரு பையிலும் வித்தின் வயது, நிரப்பிய நாள், அன்றைய அறை வெப்பம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, அந்தக் குறிப்புகளுடன் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுவார்களாக. அவை இருந்தால்தான் அங்குள்ள அறிஞர்களால் காரணத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியும்.