கீபோர்டு ஊமையாகி விட்டதா? பதறாதீர்கள்!

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. மகள் கீபோர்டு வாசிக்க வேண்டும். பழகிப் பார்க்க உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. கட்டையை அழுத்தினாள். சத்தமே இல்லை!

அப்பாவுக்குக் கோபம் பொங்கியது.

"என்ன செய்து தொலைத்தாய்? இன்னும் கடன்கூட அடையவில்லையே!" என்றார்.

"நான் ஒன்றும் செய்யவில்லை அப்பா" என்று அவள் அழுதாள்.

அவள் சொன்னது உண்மை. கீபோர்டு கெடவே இல்லை! பின்பக்கத் துவாரத்தில் ஹெட்போன் வயர் செருகியிருந்தது. ஹெட்போன் செருகினால் கீபோர்டின் ஒலிபெருக்கி ஓய்ந்துவிடும். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் பழகுவதற்காக இந்த ஏற்பாடு. வயரை உருவியதும் கீபோர்டு பாடியது.

கீபோர்டில் வரும் பல கோளாறுகள் இப்படிப்பட்டவைதான். ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் வீட்டிலேயே இவற்றைப் பாருங்கள்.

தானே அணைகிறதா?

பல கீபோர்டுகள் சுமார் 30 நிமிடம் யாரும் தொடாவிட்டால் தாமே அணைந்துவிடும். அது கோளாறு அல்ல, சிக்கனம்!

வாசிக்கும்போதே அணைகிறதா? ஒலி கரகரக்கிறதா? பாட்டரி தீர்ந்திருக்கலாம். 6 பாட்டரி போடும் கருவி என்றால் ஆறையும் சேர்த்து மாற்றுங்கள். புதியதையும் பழையதையும் கலக்காதீர்கள்.

அடாப்டரில் கவனம் தேவை. சில கருவிகளுக்கு 9.5 வோல்ட். சிலவற்றுக்கு 12 வோல்ட். முனையின் நடுப்பகுதி சிலவற்றில் பிளஸ்; சிலவற்றில் மைனஸ். "துவாரத்தில் பொருந்துகிறதே" என்று வேறு அடாப்டரைச் செருகினால் உள்ளே உள்ள பாகங்கள் கருகிவிடலாம். கருவியின் மீது அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

சுருதி சேரவில்லையா?

பாடுகிறவர் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் போகிறதா? 'டிரான்ஸ்போஸ்' பொத்தானைப் பாருங்கள். அதில் 2 என்று இருந்தால் சுருதி ஒரு கட்டை ஏறியிருக்கிறது. 0-வுக்குக் கொண்டு வாருங்கள். சரியாகிவிடும்.

இடது பக்கக் கட்டைகள் மட்டும் வேறுவிதமாக ஒலிக்கின்றனவா? பக்கவாத்தியத்துக்கான பொத்தான் அழுந்தியிருக்கும். அதை அணையுங்கள்.

பெடலின் குறும்பு

பெடலை மிதித்தால் ஒலி நீள வேண்டும். அதற்கு மாறாக, மிதித்தால் நின்று, காலை எடுத்தால் நீள்கிறதா? பெடலில் காலை வைத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டிருப்பீர்கள்! அணைத்துவிட்டு, காலை எடுத்து, மறுபடி போடுங்கள்.

ஒரே ஒரு கட்டை மட்டும்...

61 கட்டைகளில் ஒன்று மட்டும் பேசவில்லையா? இதுதான் உண்மையான கோளாறு.

ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழ் இருக்கிறது. அதன் முனையில் கறுப்பான கரிப்பூச்சு. கட்டையை அழுத்தினால் அந்த முனை கீழேயுள்ள பலகையைத் தொடும். மின்சாரம் பாயும். ஒலி பிறக்கும். நடுவே தூசி புகுந்தால் ஒலி வராது. சில சமயம் மெல்லத் தொட்டாலும் உரக்கக் கத்தும்!

இதற்குக் கருவியைப் பிரித்துத் துடைக்க வேண்டும். பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். தண்ணீரோ எண்ணெயோ விடாதீர்கள். கருகிய வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லையா? கருவியைப் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்பும் வழி பல கீபோர்டுகளில் உண்டு. கூட வந்த புத்தகத்தில் அது இருக்கும். ஆனால் நீங்கள் பதிந்து வைத்த பாட்டுகள் அழிந்துவிடக்கூடும். எச்சரிக்கை!

வாசித்து முடித்ததும் ஒரு துணியால் மூடி வையுங்கள். பாதித் தொல்லை தீரும்.

யார் செருகியது?

அந்த வீட்டில் ஹெட்போனைச் செருகியது யார் தெரியுமா? முதல் நாள் இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, ஆசையோடு வாசித்துப் பார்த்த அப்பாவேதான்!

மறுநாள் விழாவில் மகள் வாசித்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கை தட்டியவரும் அவர்தான்.