வீடு தூங்கும்போது கைப்பேசி மாறலாமா?



பாட்டியின் கையில் சர்க்கரை அளவைக் கவனிக்கும் சென்சார் ஒட்டியிருக்கிறது. அளவு 3.9க்குக் கீழே இறங்கினால் தலைமாட்டில் உள்ள கைப்பேசி ஒலி எழுப்பும். அந்த நம்பிக்கையில்தான் வீடே தூங்குகிறது.

ஆனால், சார்ஜில் போட்டிருக்கும் அந்த இரவு நேரத்தில்தான் பல கைப்பேசிகள் தாமாகவே புதிய மென்பொருளை ஏற்றிக்கொள்கின்றன. அணைந்து மறுபடியும் இயங்கும் கைப்பேசியை யாராவது திறக்கும்வரை, கண்காணிப்புச் செயலி வேலையைத் தொடங்காமல் இருக்கலாம். புதிய மென்பொருளோடு அச்செயலி ஒத்துப்போகாமலும் போகலாம். காவல்காரனே உறங்கிவிட்டால் பாட்டியை எழுப்புவது யார்?

இது வீண் பயமல்ல. இத்தகைய கருவிகளின் எச்சரிக்கை ஒலி கைப்பேசி அமைப்புகளால் கேட்காமல் போவதாக, 2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மென்பொருள் மாற்றம், புதிதாக இணைத்த புளூடூத் காதொலிக் கருவி, அறிவிப்புகளை அடக்கும் வசதி ஆகியவற்றை அது காரணங்களாகக் குறிப்பிட்டது.

அப்படியானால் புதுப்பிக்கவே கூடாதா? அதுவும் தவறு. 2024இல் அமெரிக்காவில் இன்சுலின் பம்ப்போடு இணையும் டி:கனெக்ட் செயலியின் ஐபோன் 2.7 பதிப்பு, பம்ப்பின் பேட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிட்டது. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் 224 பேர் பாதிக்கப்பட்டதாகப் புகார்கள் பதிவாகின. அதைச் சரிசெய்ததும் 2.7.1 என்ற இன்னொரு புதுப்பிப்புதான். எனவே புதுப்பிக்கும் நேரத்தை முடிவு செய்ய வேண்டியவர் நாம், கைப்பேசி அல்ல.

செய்ய வேண்டியது எளிது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் சென்று ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஆட்டோ அப்டேட் குறியை நீக்கலாம்.

புதிய மென்பொருள் வந்தால், அது உங்கள் சென்சாருக்குப் பொருந்துமா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்த பிறகே ஏற்றுங்கள். அதையும் பகலில், விழித்திருக்கும்போது செய்யுங்கள். பிறகு செயலியைத் திறந்து, அளவு வருகிறதா, ஒலி கேட்கிறதா என்று சரிபாருங்கள். மாதம் ஒருமுறையாவது இதைச் சோதியுங்கள். விரலில் குத்திப் பார்க்கும் கருவியையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

வயதானவர்களுக்கு இந்த அமைப்புகள் புரியாமல் இருக்கலாம். பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, இன்றே ஐந்து நிமிடம் ஒதுக்கி அவர்களின் கைப்பேசியைப் பாருங்கள்.